வீடு யாருக்கு? பத்திரம் யார் பேரில்?

(செங்கற்பட்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் கடவுளைப் பற்றியோ, புராணத்தைப் பற்றியோ பேச வரவில்லை. வீடு வாங்குவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "இதற்குக் கூட ஒரு கூட்டமா? தரகனிடம் போனால் போதாதா?" என்று சிலர் நினைக்கலாம். மனிதன் பகுத்தறிவைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யும் காரியங்களில் கல்யாணம் முதலாவதென்றால், வீடு வாங்குவது இரண்டாவது என்பது நம் அபிப்பிராயம். அதுவும் கல்யாணத்தில் போவது சில ஆயிரமோ, சில லட்சமோ. வீட்டில் போவது 20 வருஷத்துச் சம்பளம். ஆகவே இதைப் பற்றிப் பேசுவது அவசியமென்றே கருதுகிறோம்.

இந்த ஊருக்கு இதில் ஒரு விசேஷ பாத்தியதையும் உண்டு. 1929-ம் வருஷம் பிப்ரவரி 17, 18 தேதிகளில் இதே செங்கற்பட்டில் தோழர் சவுந்தரபாண்டியன் தலைமையில் முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாடு கூடிற்று. பேருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் கூடாது என்றும், பெண்களுக்கு ஆண்களைப் போலவே சொத்துரிமை வேண்டும் என்றும் அதில் தீர்மானம் செய்தார்கள். அன்று அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் அநேகர். இன்று அந்த இரண்டு தீர்மானங்களும் ஒரு வீட்டு வாசற்படியில் வந்து எப்படி நிற்கின்றன என்பதைத்தான் சொல்லப் போகிறோம்.

சென்ற வருஷம் ஒரு தம்பதிகள் நம்மைத் தேடி வந்தார்கள். புரோகிதனில்லாமல் கல்யாணம் செய்துகொண்டவர்கள். வேறு வேறு ஜாதியில் பிறந்தவர்கள். அவர் மறைமலை நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. அந்த அம்மையார் ஆஸ்பத்திரியில் தாதி. ஆறு வருஷத்தில் நான்கு வாடகை வீடு மாறியவர்கள். "குழந்தை பள்ளிக்கூடம் போகிற வயதாகிவிட்டது. இனிமேல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். நீங்களும் கூட வந்து பார்க்க வேண்டும் அய்யா" என்றார்கள். நாமும் செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் என்று நாலு ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு அலைந்தோம். அந்த அலைச்சலில் கண்டதைத்தான் சொல்லுகிறோம்.

முதலாவது, வாஸ்து. எந்த வீட்டுக்குப் போனாலும் தரகர் சுவரைக் காட்டுவதற்கு முன் திசையைக் காட்டுகிறார். ஈசானிய மூலை, அக்கினி மூலை, குபேர மூலை என்கிறார். தெற்கு வாசல் வீடென்றால் குரலைத் தாழ்த்திக் கொள்ளுகிறார். நாம் கேட்கிறோம்: கிழக்கு மேற்காக ஓடுகிற ஒரு தெருவில் வடசாரி வீடுகளுக்கெல்லாம் வாசல் தெற்கே பார்த்துத்தானே இருக்க வேண்டும்? அப்படியானால் எல்லா ஊரிலும் அந்தச் சாரியிலுள்ளவர்கள் அழிந்து, எதிர்ச்சாரிக்காரர்கள் எல்லாம் குபேரர்களாகி இருக்க வேண்டாமா? இரண்டு சாரியிலும் கடன்காரனும் இருக்கிறான், கடன் கொடுத்தவனும் இருக்கிறான் என்பதை நாம் கண்ணால் காணவில்லையா?

திசையைப் பார்க்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் பாருங்கள். நம் கரையில் கோடைகாலத்துப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிறது. அந்தப் பக்கம் ஜன்னல் வைத்த வீடு இரவில் குளிரும். மேற்குச் சுவர் சாயங்கால வெயிலைக் குடிக்கும். இதற்கு அளவுகோலும் அனுபவமும் போதும், தட்சிணை வேண்டியதில்லை.

2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி கடல் இந்தக் கரையில் ஏறி வந்தபோது ஈசானிய மூலை எது என்று விசாரித்துக் கொண்டா வந்தது? 2022 டிசம்பர் 9-ந் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தின் அருகே கரை ஏறியபோது, வாஸ்துப்படி கட்டின கூரையை விட்டுவிட்டு மற்றதை மட்டுமா பிய்த்தது?

ஆகவே பார்க்க வேண்டியவை வேறு. இந்த ஜில்லா ஏரிகள் நிறைந்த ஜில்லா. செங்கற்பட்டிலேயே கொளவாய் ஏரி எவ்வளவு பெரிது என்பது உங்களுக்குத் தெரியும். ஏரி இருந்தால் வாய்க்கால் இருக்கும், கலங்கல் இருக்கும், நீர்பிடிப்பு இருக்கும். கோடையில் வந்து மனை பார்ப்பவனுக்கு அது வெறும் மைதானமாகத்தான் தெரியும். 2015-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அடையாறு பெருகி முடிச்சூரில் வீடுகள் மூழ்கியபோதுதான் தாங்கள் வாங்கியது தண்ணீர் போகிற வழி என்பது அநேகருக்குத் தெரிந்தது. அந்த வீடுகளிலும் கிரகப் பிரவேசம் நடந்துதான் இருக்கும். ஓமப் புகையும் போட்டுத்தான் இருப்பார்கள். ஆனதினால் மனையை மழைக்காலத்தில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள். "அந்த வருஷம் தண்ணீர் எதுவரைக்கும் நின்றது?" என்றால் தன் இடுப்பையோ, கழுத்தையோ தொட்டுக் காட்டுவார். எந்த ஜோசியனும் அவ்வளவு நிஜம் சொல்ல மாட்டான்.

கடற்கரையோரத்தில் ஆசை இன்னும் அதிகம். "கடலைப் பார்த்த மனை" என்றதும் மனிதனுக்குப் புத்தி மயங்கிவிடுகிறது. அலையேறும் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடம் கட்ட 1991-ம் வருஷம் முதல் மத்திய சர்க்காரின் கட்டுப்பாடு இருக்கிறது. மாமல்லபுரத்திலோ பழைய சின்னங்களுக்கென்று தனிச் சட்டம். 2010-ம் வருஷத்துத் திருத்தத்தின்படி சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடமே கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்குள் அனுமதி பெற்றுத்தான் கட்ட வேண்டும். கிணற்றுத் தண்ணீரையும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கடலோரத்தில் நல்ல தண்ணீரை அளவு மீறி இறைத்தால் அந்த இடத்தில் உப்புத் தண்ணீர் வந்து புகுந்து கொள்ளும். இதையெல்லாம் தரகர் சொல்ல மாட்டார். நாம்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது, ஜாதி. ஓர் இடத்தில் வீடு பிடித்திருந்தது. விலையும் ஒத்து வந்தது. வீட்டுக்காரர் காப்பி கொடுத்தார். பிறகு மெதுவாக, "நீங்கள் எந்த ஆட்கள்?" என்றார். "நாங்கள் மனிதர்கள்தான்" என்றார் நம் தோழர். வீட்டுக்காரர் சிரித்தார். மறுநாள் தரகர் மூலம் "வீடு வேறொருவருக்கு முடிந்துவிட்டது" என்று சொல்லி அனுப்பினார். மூன்று மாதம் கழித்து நாம் அந்த வழியே போனபோதும் "வீடு விற்பனைக்கு" என்ற பலகை அப்படியே தொங்கிக் கொண்டிருந்தது.

தீண்டாமையின் பேரால் ஒருவன் ஒரு வட்டாரத்தில் குடியிருக்க வீடு வாங்குவதையோ, கட்டுவதையோ தடுப்பது 1955-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். ஆனால் எவன் வாயால் சொல்லித் தடுக்கிறான்? "சைவம் மட்டும்" என்கிறான். "நம்மவர்களாக இருந்தால் நல்லது" என்கிறான். பூட்டைப் போட்டுவிட்டு சாவி தொலைந்துவிட்டது என்பதைப் போன்றதுதான் இது. சர்க்கார் 1998 முதல் பெரியார் நினைவு சமத்துவபுரங்களைக் கட்டி, 100 வீட்டில் 40 ஆதிதிராவிடருக்கும், 25 பிற்பட்டோருக்கும், 25 மிகப் பிற்பட்டோருக்கும், 10 மற்றவர்களுக்கும் என்று கலந்து கொடுத்தது. அது நல்ல காரியமே. ஆனாலும் கலந்து வாழ்வதற்கென்று தனியாக ஓர் ஊர் கட்ட வேண்டியிருக்கிறதென்றால், மற்ற ஊர்களின் யோக்கியதை என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

நிற்க. மனையைப் பற்றி இந்த ஜில்லாவுக்கே உரிய ஒரு சரித்திரம் இருக்கிறது. 1891-ம் வருஷம் செங்கற்பட்டு ஜில்லா கலெக்டராயிருந்த திரமென்ஹீர் என்ற வெள்ளைக்காரர், இங்குள்ள ஆதிதிராவிட மக்களின் நிலையைப் பற்றி சர்க்காருக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடிசை போட்ட மனை கூட அவர்களுக்குச் சொந்தமில்லை. மிராசுதாரன் நினைத்தால் வெளியே போ என்று சொல்லலாம். அந்தப் பயத்தினாலேயே அவர்கள் கூலியைப் பற்றி வாய் திறக்க முடியவில்லை என்று அதில் காட்டினார். அதன் பயனாக 1892-ல் அம்மக்களுக்கென்று நிலம் ஒதுக்க உத்தரவாயிற்று. அதுதான் பஞ்சமி நிலம். முதல் 10 வருஷம் விற்கக் கூடாது. பிறகு விற்றாலும் அவ்வகுப்பாருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலம் எவ்வளவோ பேர் கைக்கு மாறிவிட்டது. அதை மீட்கக் காரணை கிராமத்தில் கிளம்பிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10-ந் தேதி இந்தச் செங்கற்பட்டில் போலீஸ் துப்பாக்கியால் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிர் விட்டார்கள்.

இதை ஏன் சொல்லுகிறோம்? இன்று மலிவு என்று காட்டுகிற மனைகளில் அந்த நிலமும் இருக்கலாம். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா எல்லாவற்றையும் பார்ப்பதோடு, கிராமத்துப் பழைய அ-பதிவேட்டையும் பாருங்கள். பஞ்சமி நிலமென்றால் தொடாதீர்கள். பணம் போய்விடும் என்பது ஒரு காரணம். ஒருவனுக்கு வீடில்லாமல் செய்துவிட்டு நாம் வீடு கட்டிக் கொள்வது அயோக்கியத்தனம் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

மூன்றாவது, முக்கியமானது, பத்திரம் யார் பேரில் என்பது. கடைசியாகச் செங்கற்பட்டிலேயே ஒரு வீடு அமைந்தது. முன்பணம் கொடுக்கப் போகிற சமயத்தில் மாப்பிள்ளையின் தகப்பனார் ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். நம் மகாநாட்டுக்கெல்லாம் வந்தவர்தான். ஆனாலும், "பத்திரம் பையன் பேரில் மட்டும் இருக்கட்டும். மருமகள் பேரைச் சேர்த்தால் நாளைக்கு அவள் பிறந்த வீட்டார் வந்து உட்கார்ந்து கொள்ளுவார்கள்" என்றார். மகன் தலையைக் குனிந்து கொண்டார். அப்போது அந்த அம்மையார் நம்மைப் பார்த்துக் கேட்டார்:

"அய்யா, என் நகையை விற்றுத்தான் முன்பணம். பாங்கிக் கடன் பத்திரத்தில் என் கையெழுத்து வேண்டுமாம். கிரையப் பத்திரத்தில் மட்டும் என் பேர் வேண்டாமாம். இது என்ன கணக்கு?"

தோழர்களே! நாற்பது புத்தகம் படித்து நாம் பேசுகிறதை அந்த அம்மையார் நாலு வார்த்தையில் கேட்டுவிட்டார். கடனுக்குப் பொறுப்பாளி, சொத்துக்கு அந்நியள்! கடனில் கையெழுத்துப் போட்டதனாலேயே வீட்டில் உரிமை வந்துவிடாது என்பதை ஒவ்வொரு பெண்ணும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் புருஷன் உயில் எழுதாமல் செத்துப் போனால், அவள் பணம் போட்ட வீட்டில் அவள், பிள்ளைகள், மாமியார் என்று பங்கு போடுவார்கள். தன் காசில் வாங்கியதிலேயே அவள் பங்கு கேட்டு நிற்க வேண்டும்.

பெரியவரின் பயமாவது நியாயமா? இந்து வாரிசுச் சட்டத்தை எடுத்துக் காட்டினோம். ஒரு பெண் தானே சம்பாதித்த சொத்தை வைத்துவிட்டு உயிலில்லாமல் இறந்தால், அது முதலில் பிள்ளைகளுக்கும் புருஷனுக்கும் போகிறது. அவர்களில்லாவிட்டால் புருஷனுடைய வாரிசுகளுக்குப் போகிறது. அதற்குப் பிறகுதான் அவளைப் பெற்ற தாய் தகப்பனுக்கு! ஆகவே பயப்பட வேண்டியவர்கள் பெண்ணைப் பெற்றவர்களே தவிர, பிள்ளையைப் பெற்றவர்கள் அல்ல. பெரியவர் அதை இரண்டு தரம் படித்துப் பார்த்தார். "இது தெரியாமல் போயிற்றே" என்றார்.

1929-ல் இங்கே தீர்மானம் நிறைவேறியது. 1989-ல்தான் நம் மாகாணத்தில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு சட்டமாயிற்று. அதிலும் அதற்கு முன் கல்யாணமான பெண்களை ஒதுக்கிவிட்டார்கள். 2005-ல்தான் தேசம் முழுவதற்கும் வந்தது. அந்த நாளில் தகப்பன் உயிரோடில்லாவிட்டாலும் மகளுக்கு உரிமை உண்டென்று சுப்ரீம் கோர்ட்டு 2020-ல் தீர்ப்புச் சொல்லிற்று. இப்போது 2025 ஏப்ரல் முதல், பெண்கள் பேரில் பதிகிற 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவிகிதம் குறைத்திருக்கிறார்கள். இவ்வளவும் சட்டம் செய்த வேலை. ஆனால் பத்திரத்தில் பேர் எழுதுவது சட்டம் அல்ல. புருஷனும் மாமனாரும் கூடி எழுதுவது. அங்கே அறிவு இல்லாவிட்டால் எந்தச் சட்டம் என்ன செய்யும்?

முடிவைச் சொல்லிவிடுகிறோம். அவர்கள் வாங்கியது தெற்கு வாசல் வீடு. பலபேர் பயந்து விட்டுப் போனதால் விலையும் தணிவாகவே கிடைத்தது. பத்திரம் இரண்டு பேர் பேரிலும் சரிபாதி. முகூர்த்த நாளென்றால் பதிவு ஆபீசில் அதிகப்படி டோக்கன் கொடுத்தும் கூட்டம் தாங்குவதில்லை. இவர்கள் அஷ்டமியன்று போனார்கள், பெஞ்சியெல்லாம் காலி. மத்தியானத்துக்குள் வேலை முடிந்து வீட்டில் வந்து சாப்பிட்டார்கள்.

குடி புகுந்த அன்று மாடும் இல்லை, புகையும் இல்லை. வழக்கமாக, கட்டின கொத்தனாருக்கு வாசலோடு சரி; மந்திரம் சொல்ல வருகிறவனுக்கு நடுவீட்டில் பலகை. இங்கே, பழுது பார்த்த கொத்தனாரையும், தச்சரையும், வெள்ளையடித்த பெண்ணையும் முதல் பந்தியில் உட்கார வைத்துச் சோறு போட்டார்கள். தகப்பனார்தான் பரிமாறினார். வாசலில் இரண்டு பேருடைய பேரும் எழுதிய பலகை. எந்தப் பேருக்குப் பின்னாலும் ஜாதியில்லை.

தோழர்களே! 1929-ம் வருஷத்துத் தீர்மானங்கள் கடுதாசியில் மட்டும் இல்லை, அந்தப் பலகையில் இருப்பதாக நமக்குத் தோன்றிற்று. நீங்கள் வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். பெட்டியைத் திறந்து, உங்கள் வீட்டுப் பத்திரம் யார் பேரில் இருக்கிறதென்று பாருங்கள். அந்தப் பேர் ஒன்றுதான் அந்த வீட்டுக்கு உழைத்ததா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.