மில் வேலைக்கு அனுப்பும் முன்னால் கேட்க வேண்டியது
(குத்தாலம் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



நடவும் களையும் முடிஞ்சா இங்கே நமக்கு வேலை இல்லை. அதனால்தான் நம்ம பிள்ளைகள் திருப்பூர், திண்டுக்கல் பக்கம் மில்லுக்கும் கார்மென்ட்ஸுக்கும் போகிறார்கள். வேலைக்கு ஆள் எடுக்க வருகிறவர் சம்பளம், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் சொல்வார். சூப்பர்வைசர் தப்பாக நடந்தால் யாரிடம் சொல்வது? அதை அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு என்று இப்போது நிறையப் பேசுகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு பெஞ்ச் கொடுப்பது, மரம் நடுவது. நல்லதுதான். ஆனால் தன் மிஷினில் உட்கார்ந்து தைக்கிற பெண்ணின் பாதுகாப்புக்குப் பிறகுதான் மற்றதெல்லாம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் என்று ஒரு தையல் ஆலை. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு உடுப்பு தைக்கிற இடம். 2021 ஜனவரியில் அங்கே வேலை பார்த்த ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைதானார். பெண்களைத் துன்புறுத்தக் கூடாது என்ற விதி, உடுப்பு வாங்கின கம்பெனியிடம் ஏற்கெனவே காகிதத்தில் இருந்தது. இருந்து என்ன பிரயோஜனம்?

தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், பெண்கள் நடத்தும் சங்கம், விடவில்லை. வெளிநாட்டுத் தொழிலாளர் அமைப்புகளும் துணைக்கு வந்தன. 2022-இல் ஆலையை நடத்தும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும், உடுப்பு வாங்கும் எச் அண்ட் எம்மும் ஒப்பந்தம் போட்டன. பின்னால் கேப், பி.வி.எச். கம்பெனிகளும் சேர்ந்தன. 25 தொழிலாளிக்கு ஒருவர் என்று, அவர்களிலிருந்தே கண்காணிக்கிறவர்களைச் சங்கம் தேர்ந்தெடுத்தது. பக்கத்து மிஷின்காரியிடம் சொல்ல பயம் இல்லையே! ஆலை ஒப்பந்தத்தை மீறினால் ஆர்டருக்கே ஆபத்து. அதுதான் பிடி.

எல்லா ஆலையிலும் இப்படி ஒப்பந்தம் கிடையாது. சட்டம் உண்டு. 2013 சட்டப்படி 10 பேர் வேலை பார்க்கும் இடத்தில் புகார்க் குழு இருக்கணும். தலைவர் பெண்ணாக இருக்கணும், உறுப்பினரில் பாதியாவது பெண்கள். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கணும். பத்துப் பேருக்குக் குறைவான இடம், வீட்டு வேலை என்றால் மாவட்டக் குழுவிடம் போகலாம். 2020-லிருந்து நாம் மயிலாடுதுறை மாவட்டம், நாகப்பட்டினத்துக்கு பஸ் ஏற வேண்டாம். அவசரத்துக்கு 181, இரவிலும் எடுப்பார்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் கடன் கணக்கு முடிந்ததும் தீர்மான நோட்டை எடுங்கள். யார் வீட்டுப் பெண் எந்த ஆலையில் இருக்கிறாள், அங்கே புகார்க் குழுவில் யார் யார் என்று போன் போட்டுக் கேட்டு எழுதுங்கள். தெரியாது என்று பிள்ளை சொன்னால் அதையும் எழுதுங்கள். அந்த ஆலைகளுக்குக் கூட்டமைப்பு பெயரில் கடிதம் எழுதிக் கேட்போம்.