தாளில் உறங்கும் சான்று

இதழாளர்க்குச் செய்தி இரு வழிகளில் வந்து சேர்கிறது. ஒன்று பிறர் வாய்மொழி. மற்றொன்று எழுத்துச் சான்று. வாய்மொழி வழிகாட்டும்; சான்றே நிலைநாட்டும். இவ்வேறுபாட்டைத் தம் பணியால் விளக்கிக் காட்டியவர் அமெரிக்க இதழாளர் ஐடா டார்பெல் அம்மையார். அவருடைய முறை இந்த அவையின் சிந்தனைக்கு உரியது.

பென்சில்வேனியாவின் எண்ணெய் வயல்களுக்கிடையே வளர்ந்தவர் அவர். ராக்பெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் ஓங்கியபோது நலிந்த சிறு தொழிலர்களுள் அவருடைய தந்தையாரும் ஒருவர். எனவே 1902இல் மெக்ளூர்ஸ் இதழில் அந்நிறுவனத்தின் வரலாற்றை அவர் எழுதத் தொடங்கியபோது, பழிதீர்க்கும் எழுத்தென்று அதனை ஒதுக்கிவிட இடமிருந்தது. மனக்குறை எத்துணை நியாயமானதாயினும் சான்றாகிவிடாது. ஆதலின் அவர் ஏடுகளை நாடினார்.

நீதிமன்ற வாக்குமூலங்களையும், அரசு விசாரணைப் பதிவுகளையும், பழைய நாளிதழ்களையும் அவர் துருவி ஆராய்ந்தார். ரயில் நிறுவனங்களோடு 1872இல் செய்யப்பட்ட மறைமுகக் கட்டணச் சலுகை ஏற்பாட்டைப் பற்றிய சிறு நூல் ஒன்று இருந்தது. அதன் படிகள் அழிக்கப்பட்டுவிட்டன என்றே பலரும் கூறினர். ஆனால் ஒரு படி நியூயார்க் பொது நூலகத்தில் எஞ்சியிருந்தது.

ஏடுகளோடும் அவர் நின்றுவிடவில்லை. நிறுவனத்தின் தலைவர்களுள் ஒருவரான ஹென்றி ரோஜர்ஸைப் பன்முறை சந்தித்து, தாம் கண்டவற்றை முன்வைத்து விளக்கம் கேட்டார். போட்டியாளர் அனுப்பும் சரக்கை வேவு பார்த்ததற்கான தாள்கள் கிடைத்தபோது, அந்த நட்பைக் கருதி அவற்றை மறைக்கவில்லை. அவை அச்சேறியதும் ரோஜர்ஸின் கதவு அடைபட்டது. அதே வேளையில், நிறுவனத்தின் மெய்யான தொழில்திறனைப் பாராட்டவும் அவர் தம் நூலில் ஓர் அதிகாரத்தை ஒதுக்கினார். வெறுப்பால் எழுதுவோர் இதனைச் செய்யார்.

1904இல் அத்தொடர் நூலாயிற்று. 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி அந்நிறுவனம் 34 நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. அத்தீர்ப்பு அவர் எழுத்தால் மட்டும் விளைந்ததன்று. எனினும் மக்கள் கருத்தைத் திரட்டியதில் அவ்வெழுத்துக்குப் பெரும்பங்குண்டு.

இன்று செய்தி நொடியில் கைக்கு வருகிறது. அதன் மூலம் எது, எதிர்த்தரப்பு யாது கூறுகிறது, எழுதுவோரின் விருப்புவெறுப்பு அதில் கலந்துள்ளதா என்னும் மூன்று வினாக்கள் மட்டும் மாறவில்லை. அவற்றிற்கு விடை தேடப் பழைய தாள் ஒன்றேனும் எங்கேனும் இருத்தல் வேண்டும். தேடுவோர் வரும்வரை அதனைக் காத்து வைப்போரும் இதழியலுக்குத் தொண்டு செய்பவரே.