சாம்பலும் சுவராகலாம்



தேக்கா சந்தையிலும் சிராங்கூன் சாலை உணவகங்களிலும் நாள்தோறும் சேரும் குப்பை லாரியில் ஏறியதும், அதைப் பற்றிய நினைப்பும் பலருக்குப் போய்விடுகிறது. ஆனால் குப்பை எங்கும் போய்விடவில்லை. எரிஆலையில் அது சாம்பலாகிறது. சாம்பல் துவாஸிலிருந்து கடல்வழியாகச் செமக்காவ் தீவுக்குச் செல்கிறது.

சிங்கப்பூரின் முதல் எரிஆலை 1979-இல் உலு பாண்டானில் தொடங்கப்பட்டது. எரிப்பதால் குப்பையின் கனஅளவு பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. அந்த ஒரு பங்கே இப்போது பெரும் சுமை. லோரோங் ஹாலுஸ் குப்பைமேடு 1999-இல் மூடப்பட்டபின் எஞ்சியிருப்பது செமக்காவ் ஒன்றுதான். கடலில் 7 கிலோமீட்டர் நீளத்திற்குக் கற்கரை கட்டி, 350 எக்டரில் அமைத்த இடம் அது. சாம்பலும் எரிக்க முடியாத கழிவுமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 டன் அங்கே கொட்டப்படுகிறது. இந்த வேகத்தில் போனால் 2035 வாக்கில் இடம் நிறைந்துவிடும் என்பது கணிப்பு. அடுத்த தீவுக்கு எங்கே போவது?

இன்னொரு பக்கம், வீடு கட்ட மணல் வேண்டும். இந்தோனீசியா 2007-இல் மணல் ஏற்றுமதியைத் தடை செய்தபோது இங்கே கான்கிரீட் விலை எகிறியதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ஒருபுறம் கொட்ட இடமில்லாத சாம்பல். மறுபுறம் வெளிநாட்டிலிருந்து வாங்கும் மணல். இரண்டையும் இணைத்துப் பார்ப்பதுதானே அறிவுடைமை?

அதற்கு ஒரு வழி காற்றுக் கான்கிரீட். சுவீடனில் 1920-களில் பிறந்த தொழில்நுட்பம் இது. சிமெண்ட், சுண்ணாம்பு, நுண்மணல், நீர் கலந்த குழம்பில் சிறிதளவு அலுமினியத் தூள் சேர்ப்பார்கள். சுண்ணாம்பின் காரத்தோடு அலுமினியம் சேர்ந்ததும் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். புளித்த இட்லிமாவு பொங்குவது போல் குழம்பு பொங்கி, உள்ளே எண்ணற்ற நுண்துளைகள் உண்டாகும். பிறகு வெட்டி, சுமார் 190 பாகை செல்சியஸ் நீராவியில் அழுத்தத்தோடு வேகவைப்பார்கள். சாதாரண கான்கிரீட் ஒரு கனமீட்டர் 2,400 கிலோ எடை. இந்தக் கல் பெரும்பாலும் 400 முதல் 700 கிலோதான். வெப்பத்தையும் எளிதில் கடத்தாது.

இனிதான் சுவையான செய்தி. வீசியெறிந்த பானக் கலன்களும் உணவு சுற்றிய தாள்களும் எரிந்தபின், அடிச்சாம்பலில் சிறிது அலுமினிய உலோகம் தங்கிவிடுகிறது. சாதாரண கான்கிரீட்டில் இந்தச் சாம்பலைக் கலந்தால் வாயு கிளம்பி விரிசல் விடும். அந்தக் குறையையே குணமாக்கினார்கள் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். விலை மிகுந்த அலுமினியத் தூளுக்குப் பதிலாகச் சாம்பலையே பொங்கவைக்கும் பொருளாகப் பயன்படுத்திய அவர்களின் ஆய்வு 2015-இல் வெளியானது.

அப்படியானால் உடனே எல்லா வீவக வீடுகளிலும் சாம்பல் சுவர் எழுப்பிவிடலாமா? அவசரம் கூடாது. இந்தியாவில் அனல்மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பலைக் கொண்டு இத்தகைய கற்கள் ஏராளமாகச் செய்யப்படுகின்றன. ஆனால் குப்பைச் சாம்பல் வேறு. அதில் ஈயம், துத்தநாகம் போன்ற உலோகங்கள் இருக்கக்கூடும். மழைநீரில் அவை கசியுமா என்று சோதிக்க வேண்டும். இன்றைய குப்பை போல் நாளைய குப்பை இருக்காது. அலுமினியத்தின் அளவு மாறினால் கல்லின் தரமும் மாறும். குழந்தைகள் உறங்கும் அறையின் சுவர் என்றால் பெற்றோர் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள். கேட்கவும் வேண்டும். சோதனை முடிவுகளை அவர்களிடம் ஒளிவுமறைவின்றிச் சொன்னால்தான் நம்பிக்கை வரும். தேசிய சுற்றுப்புற வாரியம் பதப்படுத்திய சாம்பலுக்கு 'நியூசாண்ட்' என்று பெயரிட்டு, முதலில் தானா மேரா கோஸ்ட் ரோட்டில் சாலை அடித்தளமாகப் பரிசோதித்தது சரியான வரிசை. முதலில் சாலை, பிறகு சுவர்.

இதில் தமிழருக்குத் தனி அக்கறை உண்டு. 1819-இல் ராஃபிள்சுடன் வந்த நாராயண பிள்ளை தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டவர். சுண்ணாம்புச் சூளைகளால் சிராங்கூன் சாலை வட்டாரத்துக்குச் 'சுண்ணாம்புக் கம்பம்' என்றே பெயர் இருந்தது. இன்றும் கட்டுமானத் தளங்களில் தமிழகத் தொழிலாளர்கள் ஏராளம். ஞாயிறுதோறும் லிட்டில் இந்தியாவில் கூடுபவர்களில் பலர் அவர்கள்தாம். கல்லின் எடை குறைந்தால் முதலில் நிம்மதி பெறுவது அவர்களுடைய தோளும் முதுகும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. சாம்பல் பயன்படுகிறது என்பதற்காகக் குப்பையைப் பெருக்குவது, மருந்து இருக்கிறதென்று நோயை வரவழைப்பதற்குச் சமம். தலைக்கு இவ்வளவு என்று செமக்காவுக்கு அன்றாடம் போகும் கழிவை 2030-க்குள் 30 விழுக்காடு குறைக்க வேண்டும் என்பது 2019-இல் அரசாங்கம் வகுத்த இலக்கு. குறைக்க முடிந்ததைக் குறைப்போம், மிஞ்சியதைச் சுவராக்குவோம்.