பால்மரத்தின் பாடம்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பரிசு வாங்க வந்த பிள்ளைகளைப் பேச்சுக் கேட்க வைப்பது பாவம். ஆகவே நேரே செய்திக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஈப்போவில் ஒரு மாணவனுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்க நேர்ந்தது. விதை எப்படியெல்லாம் பரவும் என்று கேட்டேன். காற்று, நீர், விலங்கு, வெடித்தல் என்று கடகடவென ஒப்புவித்தான். வெடித்தலுக்கு உதாரணம்? "ரப்பர், சார்!" முழு மதிப்பெண்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு ரப்பர் கொட்டையை எடுத்து அவன் கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது என்னா சார், கல்லா?" என்றான்.

அவன் பாட்டி முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். அடுத்த அறையில்தான் இருந்தார்.

பையனைக் குறை சொல்ல மாட்டேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயம் இடிந்து, குடும்பம் பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்தபின் பிறந்த பிள்ளை அவன். எனக்கு வருத்தம் தந்தது வேறு. "பாட்டியிடம் கேளேன்" என்றேன். அந்த அம்மா, "நான் படிக்காதவ தம்பி, எனக்கு என்னா தெரியும்?" என்று ஒதுங்கினார்.

கொட்டையைக் கையில் கொடுத்ததும் முகம் மாறிவிட்டது. "வெயில் ஏறினா பட்டு பட்டுன்னு வெடிக்கும். லயத்துத் தகரத்துல வந்து விழும். ஒரு காய்க்கு மூணு கொட்டை. சிமிட்டியில தேச்சு, சூடாக்கி, ஒருத்தர் கையில ஒருத்தர் வச்சு வெளையாடுவோம். மரத்தடியில விழுந்தது முளைச்சாலும் நோஞ்சானாத்தான் நிக்கும், நெழலு பாருங்க" என்றார்.

பாடம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது! வெயிலில் காய் காய்கிறது. ஓடு முறுக்கேறிப் பிளக்கிறது. கொட்டை தூரத்தில் போய் விழுகிறது. தாயின் நிழலிலேயே விழுந்தால் வெளிச்சத்துக்கும் உரத்துக்கும் தாயோடு போட்டி போட வேண்டும் அல்லவா? பாடநூலில் வரும் 'நீடுநிலவல்' என்ற சொல் பாட்டிக்குத் தெரியாது. பொருள் தெரியும்.

இந்தக் கொட்டைக்குப் பேராக்கில் ஒரு வரலாறும் உண்டு. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தாவரத் தோட்டத்துக்கு ஏறத்தாழ 70,000 விதைகளைக் கொண்டு சேர்த்தார். மூவாயிரம்கூட முளைக்கவில்லை. ஏன்? நெல்லைப் போல் மூட்டையில் கிடந்து காத்திருக்கும் விதையன்று இது. ஈரம் காய்ந்தால் சில வாரங்களிலேயே உயிர் போய்விடும். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில், அப்போது பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. அக்காலத்து மரம் ஒன்று இன்றும் அவ்வூரில் நிற்கிறது. அந்த ஒன்பதும் பட்டுப்போயிருந்தால் நம் பாட்டன்மார் இங்கே கப்பலேறி வந்திருப்பார்களோ என்னவோ!

செம்பனைக்கு வருவோம். அதில் ஆண் பூங்குலை வேறு, பெண் பூங்குலை வேறு. ஒரே மரத்தில் வந்தாலும் ஒரே நேரத்தில் வருவதில்லை. 1981க்கு முன் பல தோட்டங்களில் ஆட்கள்தான் மகரந்தத்தைச் சேர்த்துப் பெண் பூவில் தூவினார்கள். என் தாயாரும் அந்த வேலைக்குப் போனவர். "பூவுக்குப் பவுடர் அடிக்கப் போறேன்" என்று விடியலில் கிளம்புவார். தாம் செய்வது மகரந்தச் சேர்க்கை என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

செம்பனையின் சொந்த ஊரான ஆப்பிரிக்காவில் இந்த வேலையை யார் செய்கிறார்கள்? கேமரூனில் ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலறிஞர் ஆராய்ந்தார். மூக்கு நீண்ட ஒரு சின்னஞ்சிறு வண்டு! ஆண் பூவில் முட்டையிடும். புழு அந்த வாடிய பூவையே தின்று வளரும். பெண் பூவும் அதே சோம்பு வாசனையை வீசி அழைக்கும். வண்டு நம்பி வந்து, ஏமாந்து, உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை உதிர்த்துவிட்டுப் போகும். 1981இல் அந்த வண்டை இந்நாட்டுத் தோட்டங்களில் விட்டார்கள். பவுடர் அடிக்கும் வேலை போயிற்று. "ஒரு வண்டு வந்து என் வேலையப் புடுங்கிக்கிச்சு" என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார். பூவுக்கும் பூச்சிக்கும் உள்ள உறவை இதைவிட எந்தப் படம் விளக்கும்?

ஆசிரியப் பெருமக்களே, பாடத்திட்டம் முடிக்க நேரம் போதாது என்பது எனக்குத் தெரியும்; நானும் அந்தச் சுண்ணக்கட்டியைப் பிடித்தவன்தான். ஆயினும் வருடத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம், ஒரு பாட்டியை வகுப்பில் பேச விடுங்கள். நாற்காலி போட்டு உட்கார வையுங்கள்.

மேடை ஓரத்தில் ஒரு சாக்குப் பை இருக்கிறது. சுங்கை சிப்புட் பக்கம் பொறுக்கி வந்த ரப்பர் காய்கள், இன்னும் வெடிக்காதவை. வகுப்புக்கு நான்காக எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் படும் இடத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். கண்ணில் பட்டால் வம்பு. வாயில் வைக்காதீர்கள், பச்சைக் கொட்டை நஞ்சு. வெடித்ததும் எத்தனை அடி போயிற்று என்று அளந்து எழுதுங்கள். கொட்டையை அன்றைக்கே ஈர மண்ணில் ஊன்றுங்கள். ஆனால் அதற்கு முதல் நாள், எத்தனை அடி போகும் என்று வீட்டில் பாட்டியிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.