படம் வந்தால் இசை போய்விடுமா?



செவ்வியல் இசையைக் கண்ணை மூடிக் கேட்க வேண்டும், கார்ட்டூனோடு சேர்த்தால் அது கெட்டுவிடும் என்று எனக்கு முன் பேசிய நண்பர் சொன்னார், கைதட்டலும் வாங்கினார். அவரிடம் ஒன்று கேட்கிறேன். கண்ணை மூடுவதற்கு முன் அந்த இசை நம் வீட்டுக்குள் வந்து சேர வேண்டாமா?

ஃபிரான்ஸ் லிஸ்ட் யாரென்று நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. ஆனால் டாம் என்ற பூனை கோட் அணிந்து பியானோ வாசிப்பதும், பியானோவுக்குள் தூங்கிய ஜெர்ரி எழுந்து வந்து வம்பு செய்வதும் தெரியும். 1947இல் வெளிவந்து ஆஸ்கார் விருது பெற்ற 'தி கேட் கான்செர்ட்டோ' அது. அதில் ஒலிப்பது லிஸ்ட்டின் இரண்டாம் ஹங்கேரிய ராப்சடி. மெதுவாகத் தொடங்கிப் பிறகு தலைதெறிக்க ஓடும் இசை. பூனை எலிச் சண்டையும் அப்படித்தானே!

வால்ட் டிஸ்னியின் 'ஃபேன்டேசியா' 1940இல் வந்தது. லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி இசையை நடத்த, எட்டுப் படைப்புகளுக்குச் சித்திரம் வரைந்த முழுநீளப் படம். அதில் 'மந்திரவாதியின் சீடன்' பகுதியைப் பாருங்கள். ஜெர்மானியக் கவிஞர் கோத்தே 1797இல் எழுதிய கதைக் கவிதையை, நூறாண்டு கழித்து 1897இல் பால் டுக்கா இசையாக்கினார். அந்தச் சீடனாகத் திரையில் வருவது மிக்கி மவுஸ். அரைகுறை மந்திரத்தால் துடைப்பத்தைத் தண்ணீர் சுமக்க வைக்கிறான், நிறுத்தத் தெரியவில்லை. கோடரியால் வெட்டுகிறான். இசை அடங்கிப் போகிறது. சற்று நேரத்தில் அடிக்குரலில் ஒரு கருவி தயங்கித் தயங்கி மறுபடி தொடங்குகிறது. திரையிலே வெட்டுப்பட்ட சிராய்கள் மெல்ல எழுந்து நிற்கின்றன! டுக்கா அந்த இடத்தில் ஏன் மௌனம் வைத்தார் என்பது இசை படிக்காதவனுக்கும் விளங்கிவிடுகிறது. இங்கே காதை எங்கே கெடுத்தார்கள்?

ஸ்ட்ராவின்ஸ்கியைச் சொல்லி எதிரணியினர் மடக்குவார்கள். நானே சொல்லிவிடுகிறேன். வசந்தகாலப் பலியாக ஒரு பெண் ஆடியே உயிர்விடும் நாட்டியத்துக்கு அவர் எழுதிய இசை, 1913இல் அரங்கேறியது. டிஸ்னி அதை வெட்டி, வரிசை மாற்றி, டைனோசர்களுக்குக் கொடுத்துவிட்டார். இசையமைப்பாளர் அப்போது உயிரோடு இருந்தவர். பின்னாளில் கடுமையாகச் சாடினார். அந்தக் கோபம் நியாயமானது. கத்தரிக்கோலுக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் டிஸ்னி வெட்டியது தம் படத்துக்கான பதிவைத்தான். மூல இசை முழுமையாக இன்றும் அரங்குகளில் ஒலிக்கிறது. டைனோசரைப் பார்த்துவிட்டு அதைத் தேடிப் போகும் ஒரு பிள்ளையை, வராதே என்று நண்பர் வாசலில் நின்று தடுப்பாரா?

வாக்னரின் இசைக்குப் பக்ஸ் பன்னி ஆடிய 1957ஆம் ஆண்டுப் படத்தைப் பற்றியும் சொல்ல வந்தேன். நடுவர் மணியை அடித்துவிட்டார்.