வலி மாத்திரைக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை

மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் எனும் நரம்பு நோய் உள்ள சிலருக்கு, முகத்தில் மின்சாரம் பாய்ந்ததுபோல் திடீர் வலி வரும். அதற்குக் கார்பமாசெப்பின் மாத்திரை தரப்படுவதுண்டு. பலருக்கு நல்ல பலன் கிடைக்கும். ஆனால், பெற்றோரிடமிருந்து வரும் ஒரு மரபணு வகை உங்களிடம் இருந்தால், அதே மாத்திரை தோல், வாய், கண்களைப் புண்ணாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். இந்த மரபணு வகை சீனரிடமும் மலாய்க்காரரிடமும் அதிகம், இந்தியரிடமும் உண்டு.

ஆகவே, சிங்கப்பூரில் 2013 முதல், ஆசிய வம்சாவளியினர் இம்மருந்தைப் புதிதாகத் தொடங்குமுன் மரபணுப் பரிசோதனை செய்வதே முறை. முடிவு தெரியும்வரை பொறுத்திருங்கள். அடுத்தவர் மாத்திரையை வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

பரிசோதனையில் அந்த மரபணு இல்லை என்று வந்தாலும் கவனம் தேவை. மருந்து தொடங்கிய பின் காய்ச்சல், வாய்ப்புண், தோல் தடிப்பு கண்டால், அடுத்த வேளை மாத்திரையைச் சாப்பிடாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.