முடியாததும் செய்யாததும்



இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்க அழைத்த நண்பர்கள், வெளியுறவுக் கொள்கைமீதும் கட்சிகள்மீதும் மக்களுக்கு ஏன் நம்பிக்கை விட்டுப்போயிற்று என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். உலகம் முழுவதையும் சுற்றிவர எனக்கு உத்தேசமில்லை. லஸ் முனையில் நாம் கூடியிருக்கும் இந்த மண்டபத்துக்கு வி.எஸ். சீனிவாச சாஸ்திரியின் பெயர். 1927இல் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாகத் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறியவர் அவர். கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம் மக்களின் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று அங்கே வாதாடினார். டர்பனில் சாஸ்திரி கல்லூரி அப்படித்தான் எழுந்தது. ஆக, லஸ் முனைக்கு வெளியுறவு புதிய விஷயமல்ல. கடலுக்கு அப்பால் போன நம் ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பதுதான் இந்த ஊருக்கு வெளியுறவு.

அந்தக் கேள்வியை இலங்கையை நோக்கிக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன ஒரு தலைமுறையைச் சேர்ந்தவன் நான். இன்று பேசப்போவதும் அதைப் பற்றியே. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு மக்கள் முடியாததைக் கேட்டு ஏமாறவில்லை. எது முடியாதது, எது முடிந்தும் செய்யாதது என்று யாரும் அவர்களுக்குப் பிரித்துச் சொல்லவில்லை. முடியாததை முடியும் என்று மேடையில் சொன்னார்கள். முடிந்ததைச் செய்யாமல் விட்டபோது, அது முடியாது என்றார்கள். ஏமாற்றம் அங்கேதான் முளைத்தது.

1982 மே 19 அன்று தி.நகர் பாண்டி பஜாரில் பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். புடவை எடுக்கவும் பாத்திரம் வாங்கவும் வந்த கூட்டத்துக்கு அந்தப் பெயர்கள் புதியவை. அடுத்த ஆண்டு இலங்கையில் நடந்த ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அந்தப் பெயர்கள் தெரியாத வீடு இந்தப் பக்கத்தில் இல்லை.

அடையாறு இந்திரா நகரில் என் அத்தை இருந்தார். 1984இல் மாடிப் பகுதியை யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு வாடகைக்கு விட்டார். தெருவே அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டது. தண்ணீர் லாரி வரும் நாளில் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, யார் வீட்டு ரேடியோவில் செய்தி ஓடுகிறதோ அந்தச் சன்னலோரம் போய் நிற்பார். 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. அன்று அத்தை வீட்டில் பாயசம். ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மாஸ்டர் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்து, ஊருக்குத் திரும்பத் துணிகளை அடுக்கத் தொடங்கினார். அக்டோபரில் அதே யாழ்ப்பாணத்தில் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டது. பெட்டி மறுபடி பரணுக்கு ஏறியது. 1990 மார்ச்சில் அமைதிப்படையின் கடைசி அணி திரும்பியபோது முதலமைச்சர் கலைஞர் வரவேற்கப் போகவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களை அந்த மண்ணில் இழந்துவிட்டு வந்த படை அது. எதற்காகப் போனோம், எதற்காகத் திரும்பினோம் என்று அந்த வீரர்களின் குடும்பங்களுக்கும் யாரும் விளக்கவில்லை, மாஸ்டருக்கும் விளக்கவில்லை.

1991 மே 21. ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தியின் கொலையை நியாயப்படுத்த எந்த வாதமும் கிடையாது. அதன் பிறகு இந்த நகரத்தில் 'சிலோன்காரர்' என்றாலே வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். அக்கம்பக்கத்தார் அத்தையிடம் ஜாடையாகவும் நேராகவும் சொல்லிப் பார்த்தார்கள். அத்தைக்கு மாடியேறிச் சொல்ல வாய் வரவில்லை. ஒருநாள் மாஸ்டரே கீழே வந்து சாவியை மேசைமேல் வைத்தார். "நாங்கள் வேற இடம் பாக்கிறம், பிள்ளை. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றார். அத்தை சாவியை எடுக்காமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அந்தக் கூடத்தில்தான் இருந்தேன். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

ஏழு ஆண்டுகளில் அந்த ஒரு வீடு பார்த்த வெளியுறவுக் கொள்கைகளை எண்ணிப் பாருங்கள். அடைக்கலம், ஆயுதப் பயிற்சி, உணவுப் பொட்டலம், ஒப்பந்தம், போர், ஒதுங்கல். மாறியதில் தவறில்லை, காலம் மாறினால் கொள்கை மாறத்தான் வேண்டும். ஆனால் மாறியதை ஒரு தடவையாவது மக்கள் முன்னால் வைத்து, இன்ன காரணத்துக்காக மாறினோம் என்று சொல்லியிருக்க வேண்டாமா?

இனி 2008க்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

அந்த ஆண்டு அக்டோபர் 14 அன்று சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் நடந்தது. இரண்டு வாரத்தில் இலங்கையில் போர் நிறுத்தம் வராவிட்டால் தமிழக எம்.பி.க்கள் பதவி விலகுவார்கள் என்று தீர்மானம் போட்டார்கள். 24ஆம் தேதி மனிதச் சங்கிலி. கொட்டும் மழை. சைதாப்பேட்டைப் பக்கம் நான் நின்றேன். என் இடது கையைப் பிடித்திருந்தவர் பூ விற்கும் அம்மா. வலது பக்கம் ஒரு பாலிடெக்னிக் மாணவன். குடை இருந்தவர்களும் விரிக்கவில்லை. விரித்தால் கையை விட வேண்டியிருக்கும். "எம்.பி.ங்க எல்லாம் ராஜினாமா பண்ணா டெல்லி கேட்டுத்தானே ஆவணும் சார்?" என்று அந்த அம்மா கேட்டார். கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று நான் சொன்னேன். நான் அரசியல் பாடம் நடத்திவந்தவன், கணக்குத் தெரிந்துதான் சொன்னேன்.

அது எந்தக் கணக்கு? அதே ஆண்டு ஜூலை 22 அன்று, அமெரிக்காவுடனான அணுசக்தி உடன்பாட்டை எதிர்த்து இடதுசாரிகள் ஆதரவை விலக்கியிருந்த நிலையில், மன்மோகன் சிங் அரசு 275க்கு 256 என்று நம்பிக்கை வாக்கெடுப்பில் தப்பியது. தி.மு.க.வுக்கு அப்போது மக்களவையில் 16 பேர். 275இல் 16ஐக் கழித்து 256இல் கூட்டிப் பாருங்கள். 259க்கு 272. கையில் நெம்புகோல் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மனிதச் சங்கிலி முடிந்து இரண்டாம் நாள் இலங்கை அதிபரின் தம்பி பசில் ராஜபக்ச டெல்லியில் பேசினார். வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜி சென்னைக்கு வந்தார். ராஜினாமா பேச்சு அத்துடன் முடிந்தது. அரசு கவிழ்ந்திருந்தால் போர் நின்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அது யாருக்கும் தெரியாது. ஆனால் முடிந்ததைச் செய்து பார்க்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

2009 ஏப்ரல் 27 காலை கலைஞர் மெரினாவில் அண்ணா நினைவிடத்தில் உண்ணாவிரதம் அமர்ந்தார். கனரக ஆயுதங்களை இனிப் பயன்படுத்துவதில்லை என்று இலங்கை அறிவித்ததாகச் செய்தி வர, நண்பகலில் முடித்துக்கொண்டார். பிறகும் குண்டு விழுகிறதே என்று செய்தியாளர்கள் கேட்டபோது, மழை விட்டும் தூவானம் விடவில்லை என்றார். அந்தத் தூவானத்தில் மே 18 வரை முள்ளிவாய்க்காலில் மடிந்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர் என்ற கணக்கு இன்றும் தீரவில்லை. எதிர்முகாமும் இதில் மேலானது அல்ல. அதுவரை தனி ஈழத்தை எதிர்த்து வந்த ஜெயலலிதா அம்மையார், மக்களவைத் தேர்தல் வாக்குப் பதிவுக்குச் சில நாள் முன்பு, இந்தியப் படையை அனுப்பி ஈழம் அமைப்பேன் என்றார். ஒரு மாநிலக் கட்சியால் ஒருக்காலும் முடியாத காரியம் அது. தி.மு.க. அணி 39இல் 27 இடங்களை வென்றது. ஈழம் தேர்தல் பிரச்சினையே அல்ல என்று அன்று பலர் எழுதினார்கள். என் புரிதல் வேறு. ஒருவர் முடிந்ததைச் செய்யவில்லை, மற்றவர் முடியாததைச் சொல்கிறார் என்று கண்ட வாக்காளர், இந்த விஷயத்தில் இருவரையும் தள்ளிவைத்துவிட்டு அரிசிக்கும் சாலைக்கும் வாக்களித்தார். அதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜெனீவாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இரண்டாம் அமர்வு முழுவதும் அதற்குத்தான். 2009 மே 27 அன்று மனித உரிமை மன்றத்தில் இலங்கைக்குச் சாதகமான தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. 2012இலும் 2013இலும் இலங்கைக்கு எதிராக வாக்களித்தது. 2014, 2021, 2022இல் நடுநிலை வகித்தது. இதில் சீனாவின் கை உண்டு, இந்தியப் பெருங்கடல் உண்டு, காஷ்மீர் நாளை ஜெனீவாவில் எழுந்துவிடுமோ என்ற கவலையும் உண்டு. இவை பொய்க் காரணங்கள் அல்ல. ஆனால் 2013 மார்ச் 8 அன்று உண்ணாவிரதம் தொடங்கிய லயோலா மாணவர்கள் எட்டுப் பேரிடமும், அவர்களுக்குப் பின்னால் மாநிலம் முழுக்கத் தெருவுக்கு வந்த பிள்ளைகளிடமும் இந்தக் காரணங்களை உட்கார்ந்து பேச ஓர் அமைச்சர்கூட வரவில்லை. கல்லூரிகளுக்கு விடுமுறை விட்டார்கள். பல இடங்களில் கட்சிக்கொடியைப் பிள்ளைகள் கிட்டவே சேர்க்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

கச்சத்தீவு. ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு என் வகுப்பில் கேட்டேன்: கச்சத்தீவை மீட்க வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள். எல்லாக் கைகளும் உயர்ந்தன. 1974 ஒப்பந்தத்தைப் படித்தவர்கள்? ஒரு கையும் இல்லை. அச்செடுத்துக் கொடுத்தேன். எட்டே பிரிவுகள். ஐந்தாம் பிரிவை ஒரு மாணவி உரக்கப் படித்தார். இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே அந்தத் தீவுக்குப் போய்வரலாம், கடவுச்சீட்டோ விசாவோ வேண்டாம் என்பது அதன் சாரம். படித்து முடித்துவிட்டு, "மீன் பிடிக்கலாம்னு இதுல எங்க சார் இருக்கு?" என்று கேட்டார். அந்தச் சொல் அதில் இல்லை. 1976இல் இரு நாட்டுச் செயலாளர்கள் மாற்றிக்கொண்ட கடிதங்கள் அந்த வாசலையும் சாத்திவிட்டன. ஐம்பது ஆண்டு மேடைப் பேச்சில் கிடைக்காத தெளிவு அந்த மாணவிக்கு ஐந்து நிமிடத்தில் கிடைத்தது.

1974 ஜூனில் வெளியுறவுச் செயலர் கேவல் சிங் சென்னைக்கு வந்து முதலமைச்சரிடம் விஷயத்தைச் சொன்னார் என்பது பின்னாளில் வெளியான ஆவணங்களில் இருக்கிறது. ஆகஸ்டில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. பிறகும் தீர்மானங்கள் வந்தபடியே இருக்கின்றன. 2025 ஏப்ரலிலும் ஒன்று வந்தது. 2024 தேர்தலில் பிரதமரே இதைக் கையிலெடுத்தார், தேர்தல் முடிந்ததும் கீழே வைத்துவிட்டார். இதனோடு வங்காளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். 2011 செப்டம்பரில் மன்மோகன் சிங் டாக்காவுக்குப் புறப்படும் நேரத்தில் மம்தா பானர்ஜி முடியாது என்றார். தீஸ்தா நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் கையெழுத்தாகாமலே நிற்கிறது. அவர் செய்தது சரியா என்பது வேறு விவாதம். வெளியுறவு ஒன்றியப் பட்டியலில் இருப்பதால் மாநிலத்தால் எதுவுமே ஆகாது என்று நமக்குச் சொல்லிவந்தது முழு உண்மையல்ல என்பதற்காக இதைச் சொன்னேன்.

நம் பக்கத்துக் கணக்கையும் சொல்லாமல் போனால் இந்த நாற்காலிக்கு நான் தகுதியற்றவன். ராமேசுவரத்து மீனவர் சிறைப்படும்போதும் சுடப்படும்போதும் நம் நெஞ்சு துடிக்கிறது. துடிக்கத்தான் வேண்டும். ஆனால் நம் விசைப்படகுகளின் இழுவை மடி அடிக்கடலை வாரிக்கொண்டு போகும்போது, அந்தப் பக்கம் வலை அறுந்து நிற்பவர் மன்னாரிலும் பருத்தித்துறையிலும் இருக்கும் தமிழ் மீனவர். போரில் எல்லாம் இழந்து, முப்பது ஆண்டு கழித்துக் கடலுக்குத் திரும்பியவர். 2015இல் சென்னைப் பேச்சுவார்த்தையில் நம் தரப்பு மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 83 நாள் மீன்பிடிக்க அனுமதி கேட்டது. இழுவை மடியை நிறுத்துங்கள் என்றுதான் அவர்கள் தொடர்ந்து கேட்டு வருகிறார்கள். தொப்புள்கொடி உறவு என்று முழங்கும் எந்தக் கட்சி ராமேசுவரத்தில் மேடை போட்டு இதைச் சொல்லியிருக்கிறது? 2017இல் இழுவைப் படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடல் படகுகள் தரும் திட்டம் வந்தது. இரண்டாயிரம் படகு இலக்கு. அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. இதில் டெல்லியை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. மாநிலத்தால் முடிந்தது இது.

அடுத்து, அகதிகள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் மலையகத் தமிழர்களை 5,25,000 இங்கே, 3,00,000 அங்கே என்று பிரித்துக்கொண்டார்கள். லால் பகதூர் சாஸ்திரியைச் சொல்கிறேன், இந்த மண்டபத்து சாஸ்திரியை அல்ல. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். பங்கிடப்பட்டவர்களை ஒருவரும் கேட்கவில்லை. 1983க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களில் அந்த வம்சாவளியினரும் உண்டு. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. மாநிலங்களவையில் 125க்கு 105 என்று அது நிறைவேறியது. ஆதரித்தவர்களில் அ.தி.மு.க. உறுப்பினர்கள் 11 பேர். அந்தப் பதினோரு வாக்குகள் மறுபக்கம் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கணக்கை உங்களிடமே விடுகிறேன். 2021இல் அகதி முகாம்களின் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள், வீடுகளும் கட்டித் தருகிறார்கள். நல்ல காரியம். அங்கே பிறந்து, அங்கே படித்து, இங்கே பொறியியல் பட்டமும் வாங்கிய பெண்ணுக்குக் கடவுச்சீட்டு மட்டும் கிடையாது.

முதல் அமர்வு அந்த முகாம்களைப் பற்றியது. கட்டுரை வாசிக்கும் ஆய்வாளர் ஒரு முகாமில் பிறந்தவர். நேரக் கட்டுப்பாடு இருபது நிமிடம் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறது. தலைவர் என்ற உரிமையில், அவருக்கு மட்டும் அதைத் தளர்த்துகிறேன். அம்மா, மேடைக்கு வாருங்கள்.